‘திறனின்மை’ என்று ஒரு பெயர்

மாஸ்டர்ஸ், ஜான்சன் இருவரும் 1970இல் வெளியிட்ட ‘ஹியூமன் செக்ஷுவல் இன்அடிக்வஸி’ புத்தகத்தில் ஒரு சின்ன அத்தியாயத்தைத் திரும்பப் படித்தேன். விறைப்பு இருக்கு, உறவும் நடக்குது, ஆனா உள்ளே விந்து வர்றதில்லை. இதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘விந்து வெளியேற்றத் திறனின்மை’. சிகிச்சை பெற்றவர்கள் 17 ஆண்கள். மூன்று பேருக்குப் பலிக்கவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

ஆணை மட்டும் உட்காரவைக்காமல் ஜோடியாகச் சிகிச்சை கொடுத்தது இந்தப் புத்தகத்தின் பெரிய பலம். எனக்கு இடிப்பது சிகிச்சை முறைதான். மனைவி கையால் வேகமாகத் தூண்டி, உச்சம் நெருங்கும்போது உள்ளே கொண்டுபோக வேண்டும். விந்து உள்ளே விழுந்தால் வெற்றி. அந்த ஆளுக்கு அப்போ கிளர்ச்சி இருந்துச்சா?

பெர்னார்ட் ஆப்ஃபெல்பாம் என்ற உளவியலாளர் பிற்பாடு பிடித்தது இதைத்தான். விறைப்பு நிற்குதுன்னா மனசும் கிளர்ந்திருக்குன்னு அர்த்தமில்லை. ‘இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணு’ என்பது அவனுக்கு இன்னொரு சுமை. அவன் பல்லைக் கடிச்சுக்கிட்டு உழைக்கிறான். அவளோ, ‘என்மேல ஆசையே இல்லையோ’ன்னு குமைகிறாள். வெளியில் சொன்னால், ‘ரொம்ப நேரம் தாங்குது, உனக்கென்ன குறை’ன்னு கேலி வேறு.

இன்னொரு விஷயம், மாத்திரைகள். ஃப்ளூவாக்ஸடின் அமெரிக்காவில் அனுமதி பெற்றதே 1987இல்தான். பராக்ஸடின், செர்ட்ரலின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் உச்சத்தைத் தள்ளிப்போடும். அதே விளைவுதான் விந்து சீக்கிரம் வருபவர்களுக்கு மருந்தாகிறது! சர்க்கரை நோயால் நரம்பு பாதிப்பது, மது, வயது, கைப்பழக்கத்தில் இறுக்கமான பிடி எல்லாமே காரணமாகலாம். இதற்கென்றே அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து எதுவும் கிடையாது. அதனால் காரணத்தைத் தேடுவதுதான் சிகிச்சையின் முதல் பாதி. மாத்திரைதான் காரணம்னு தோணினா நீங்களா நிறுத்திடாதீங்க. அளவைக் குறைக்கவோ வேறு மருந்துக்கு மாற்றவோ மருத்துவரால் முடியும். கைப்பழக்கம் காரணமென்றால் சில காலம் அதைக் குறைத்து, பிடியையும் வேகத்தையும் மெல்ல மாற்றிப் பழகலாம்.

2013இல் வந்த டிஎஸ்எம்-5 இதை ‘தாமதமான விந்து வெளியேற்றம்’ என்றுதான் சொல்கிறது. ‘திறனின்மை’ என்று சொல்லியிருந்தால் எத்தனை பேர் டாக்டரிடம் வாயைத் திறப்பார்கள்?