ஒரே ஸ்லொட்டில் நான்கு எஸ்எஸ்டி: வாங்குமுன் பயாஸைப் பாருங்கள்

மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயிலின் மாசி மகத் தேர்த் திருவிழாவை நாலைந்து கமராக்களில் 4கே தரத்தில் எடுத்தால், காட்சிகள் ஒரு டெராபைட்டைச் சுலபமாகத் தாண்டிவிடும். ஐந்து தேர்கள் வீதியில் வரும்போது கமராவை நிறுத்த யாருக்கு மனம் வரும்? பிறகு அவற்றை வெளி ஹார்ட் டிஸ்க்குகளில் பிரித்துப் போட்டு, எது எதில் இருக்கிறதென்று தேடித் தேடி எடிட் செய்ய வேண்டும். இந்த அலைச்சலைத் தீர்க்குமா என்று பார்க்கவே அசூஸின் ஹைப்பர் எம்.2 ஜென்4 அட்டையை ஓர் எடிட்டிங் கணினியில் பொருத்தினேன்.

பார்வைக்கு கிராபிக்ஸ் கார்ட் போலத்தான் இருக்கிறது. மேல்மூடி கனமான அலுமினியத் தகடு. அதைக் கழற்றினால் உள்ளே நான்கு எம்.2 எஸ்எஸ்டிகளுக்கு இடம். சிறிய விசிறியும் அதற்கென ஒரு சுவிட்சும் உண்டு.

வாங்குவோர் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்த அட்டை தானாக எதையும் பிரித்துக் கொடுக்காது என்பதைத்தான். ஸ்லொட்டின் 16 லேன்களை, அதாவது தரவுப் பாதைகளை, நான்கு நான்காகப் பிரிக்க வேண்டியது புரொசசரும் மதர்போர்டும். பயாஸில் 'பைஃபர்கேஷன்' அமைப்பை மாற்றாவிட்டால் முதல் எஸ்எஸ்டி மட்டுமே தெரியும். இன்டெலின் 12 முதல் 14 வரையான தலைமுறை டெஸ்க்டொப் புரொசசர்கள் 16 லேனை இரண்டு எட்டாக மட்டுமே பிரிக்கும். அங்கே இந்த அட்டையில் இரண்டு எஸ்எஸ்டிதான் வேலை செய்யும். ரைசன் 5700எக்ஸ் நான்கையும் காட்டும், ஆனால் அதில் உள் கிராபிக்ஸ் இல்லை. உள் கிராபிக்ஸ் உள்ள 5600ஜீ-யில் மூன்றோடு நின்றுவிடும். நான் பயன்படுத்திய ரைசன் 7700-இல் நான்கு எஸ்எஸ்டியும் உள் கிராபிக்ஸும் கிடைத்தன. முதல் ஸ்லொட்டை அட்டை எடுத்துக்கொண்டதால், கிராபிக்ஸ் கார்ட் மட்டும் இரண்டாம் ஸ்லொட்டுக்கு, 4 லேனுக்கு, இறங்க வேண்டியிருந்தது. எடிட்டிங்குக்கு அது பெரிய இழப்பல்ல. கேம் விளையாடுவோருக்கு இழப்புத்தான். ஸ்விட்ச் சிப் பொருத்திய அட்டைகளுக்கு பைஃபர்கேஷன் தேவையில்லை, ஆனால் விலை பல மடங்கு.

வேகம் மகிழ்ச்சி தந்தது. சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 550 மெகாபைட் அளவில் நிற்கும். பிசிஐஇ 4.0-இல் 4 லேன் என்றால் 7 ஜிகாபைட் வரை போகலாம். ஐந்து கமராக் காட்சிகளையும் ஒரே டைம்லைனில் ஓட்டியபோது கொஞ்சமும் தடங்கல் இல்லை. பெரிய கோப்புகளை நீண்ட நேரம் எழுதும்போது மலிவான எஸ்எஸ்டிகளின் வேகம் சட்டென்று விழும். அந்தக் குறை அட்டையுடையது அல்ல.

விசிறியை நிறுத்திவிட வேண்டாம். மாத்தளை நகரிலேயே பகலில் புழுக்கம்தான். தம்புள்ளைப் பக்கம் இன்னும் வெப்பம். எஸ்எஸ்டி சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துவிடும்.

நான்கையும் ரெயிட் 0 முறையில் ஒன்றாக்கும் ஆசையும் வரும். திரும்ப எடுக்க முடியாத காட்சிகளுக்கு அதைச் செய்யாதீர்கள். ஒன்று பழுதானால் நான்கும் போய்விடும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பதும் ஆபத்துத்தான். மாத்தளை நகருக்கு வடக்கே அலுவிகாரையில், கி.மு. முதலாம் நூற்றாண்டில் பௌத்த மறைநூலான திரிபிடகத்தை ஏட்டில் எழுதிய இடத்தில், நூலகத்துச் சுவடிகள் 1848 கிளர்ச்சியின்போது அழிந்தன. தனித்தனி டிரைவாகவே வைத்து, ஒரு பிரதியை வேறொரு கட்டடத்தில் சேமியுங்கள்.

பல கமராக் காட்சிகளை எடிட் செய்யும் ஸ்டூடியோவுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். இரண்டு எஸ்எஸ்டி போதும் என்பவர்களுக்கு மதர்போர்டிலுள்ள இடங்களே போதும். கடைக்குப் போகுமுன் உங்கள் மதர்போர்டின் கையேட்டை இறக்கி, பைஃபர்கேஷன் அட்டவணையில் உங்கள் புரொசசருக்கு எத்தனை எஸ்எஸ்டி என்று பாருங்கள்.