இரவிவர்மாவின் பதினொரு பெண்கள்

விடுமுறையில் மைசூர் செல்லும் நம் குடும்பத்தினர் பலர் ஜகன்மோகன் அரண்மனைக் கலைக்கூடத்தைக் காணத் தவறுவதில்லை. ஆயினும் அங்குள்ள இரவிவர்மாவின் ‘இசைக் கலைஞர் கூட்டம்’ என்னும் ஓவியத்தின்முன் பெரும்பாலோர் புடவைச் சரிகையையும் நகைகளையும் வியந்துவிட்டு நகர்ந்துவிடுகின்றனர். யானும் பலமுறை அவ்வாறு நகர்ந்தவனே.

1889ஆம் ஆண்டளவில் மைசூர் மன்னருக்காகத் தீட்டப்பெற்றது அது. பெண்கள் பதினொருவர். வெண்ணிற முண்டு உடுத்தி வீணை மீட்டும் நாயர் பெண், மராட்டியப் பெண், முஸ்லிம் பெண், பார்சிப் பெண், தொப்பியணிந்த ஐரோப்பிய உடைப் பெண் எனப் பல பகுதியினர் கூடியிருக்கின்றனர். பாரத ஒற்றுமையின் சின்னம் என்று இதனைப் போற்றுவோர் உளர். எனக்கு அவ்விளக்கம் போதவில்லை.

ஆடையைக் கொண்டு ஊரைச் சொல்லிவிடலாம். தொழிலைச் சொல்ல இயலுமா? அக்காலத்தில் பலர் முன்னிலையில் பாடுவது பெரும்பாலும் தேவதாசியர், கணிகையர் மரபினர்க்கே உரியதாயிருந்தது. உயர்குடிப் பெண் இல்லத்துள் வீணை கற்றாலும் சபையேற மாட்டாள். ஓவியரோ எல்லோரையும் ஒரே ஒளியில் வைத்துவிட்டார். பிழைப்புக்காகப் பாடுபவள் யார், பொழுதுபோக்காக வாசிப்பவள் யார் என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை. பதவி எழுதப்படாத பணிப்பதிவேட்டைப் புரட்டும் எழுத்தனுக்கு உண்டாகும் மனக்குறை எனக்கு உண்டாயிற்று!

இது மதிப்பளித்தலா, மறைத்தலா? மதிப்பு என்றே முதலில் எண்ணினேன். முகங்களை நோக்கியபின் ஐயம் பிறந்தது. ஒருத்தியின் பார்வை மற்றொருத்தியின் பார்வையைச் சந்திப்பதில்லை. இசையின் களிப்பும் இல்லை. கூடிப் பாட வந்தவராய்த் தோன்றாமல், வகைக்கு ஒருவராக நிறுத்தப்பட்டவராய்த் தோன்றுகின்றனர். எதிரே அமர்ந்து கேட்டு, பொருள் வழங்கும் புரவலரும் ஓவியத்துள் இல்லை.

அவ்வோவியம் உருவான நாளில் பத்து வயதைக் கடந்த சிறுமி ஒருத்தி மைசூர்ச் சீமையில் இருந்தாள். நஞ்சன்கூட்டில் பிறந்து, பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878–1952) எனப் பின்னாளில் புகழ்பெற்ற அவர் தேவதாசி மரபினர். தம் பொருளைச் செலவிட்டுத் திருவையாற்றில் தியாகராசர்க்குச் சமாதிக் கோயில் எழுப்பினார். எழுப்பியவர்க்கும் அங்கு நடந்த ஆராதனையில் பாட இடமில்லை. பெண்கள் பாட அதில் இசைவில்லை. ஆகவே 1927 முதல் பெண்களுக்கெனத் தனி ஆராதனையை அவரே நடத்த வேண்டியதாயிற்று. இரவிவர்மா தம் தூரிகையால் எளிதில் வழங்கிய சம ஆசனத்தை மேடை அவர்க்கு அவ்வளவு எளிதில் வழங்கவில்லை.