சிரிப்பை விழுங்கும் முகம்

புதுக்கோட்டைக்காரர்களுக்கு நடிகர்கள் புதிதில்லை. பி.யு.சின்னப்பாவின் பெயருக்கு முன்னால் நிற்கும் முதல் எழுத்தே நம் ஊர்தான். ஜெமினி கணேசனும் நம்மவர். நாவலாசிரியர் வேண்டுமென்றால், சித்திரப்பாவைக்கு 1975-இன் ஞானபீடம் வாங்கிய பெருங்களூர் அகிலன் இருக்கிறார். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்ததைப் பார்க்க வேண்டுமென்றால் ஜெகதாப்பட்டினம் கடற்கரையில் நின்று அக்கரையை நினைக்க வேண்டும். அங்கே யாழ்ப்பாணத் தீவுகளில் ஒன்றான வேலணையில் அல்லைப்பிட்டி என்று ஓர் ஊர். 1967-இல் அங்கே பிறந்த அந்தோனிதாசன் யேசுதாசன், எழுதும்போது ஷோபாசக்தி. 2015-இல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது பெற்ற 'தீபன்' படத்தின் நாயகனும் அவர்தான்.

வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவரே அதை நாவல்களில் விரித்திருக்கிறார். பதின்வயதில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் சேர்ந்தார், முரண்பட்டு வெளியேறினார். தாய்லாந்தில் சில காலம் அலைந்துவிட்டு 1993-இல் பிரான்சுக்குப் போய் அகதியானார். கையில் கிடைத்த கூலி வேலைகளைப் பார்த்துக்கொண்டே எழுதினார். கொரில்லா 2001-இல் வந்தது, 'ம்' 2004-இல். பிறகு பாக்ஸ் கதைப் புத்தகம், இச்சா, ஸலாம் அலைக். இடையில் நிறையச் சிறுகதைகள்.

இவரை எங்கிருந்து தொடங்குவது? படத்திலிருந்து வேண்டாம், கொரில்லாவிலிருந்து தொடங்குங்கள். முதல் முறை படித்தபோது நான் ஒரு தப்பு செய்தேன். நாவலின் தொடக்கமே பிரெஞ்சு அரசுக்கு ஓர் அகதி எழுதும் விண்ணப்பம். எண் போட்ட பத்திகளாக, 'ஐயா' என்று பணிந்து, பிறந்தது முதல் பட்ட அடி வரை வரிசையாகச் சொல்லும். ஏதோ அலுவலகத் தாள் என்று நினைத்துப் பக்கங்களைத் தள்ளிவிட்டேன். தள்ளியது நாவலின் உயிரை என்று பிறகுதான் விளங்கியது. நம்ப மாட்டேன் என்று முடிவெடுத்துவிட்ட அதிகாரியிடம், நடந்ததையே நடந்ததாக நிரூபிக்கப் படாதபாடு படுகிறான் ஒருவன். தாலுகா ஆபீஸில் மனு எழுதிக் கொடுத்தவர்களுக்கு அந்தக் குரல் உடனே பிடிபடும். வாசிக்க வாசிக்க உங்களுக்குச் சிரிப்பு வரும். அடுத்த வரியில் அந்தச் சிரிப்புக்காக வெட்கம் வரும். ஷோபாசக்தியின் எழுத்தில் முதலில் காது கொடுக்க வேண்டிய இடம் இதுதான். அழவைக்க வேண்டிய இடத்தில் அவர் பகடி செய்வார். குரலை ஒருபோதும் உயர்த்த மாட்டார்.

அடிக்குறிப்புகளையும் தாண்டாதீர்கள். ஒரு பேரைச் சொல்லிவிட்டு, அவர் எந்த இயக்கம், எப்படிச் செத்தார் என்று கீழே சின்ன எழுத்தில் போடுவார். கற்பனையும் ஆவணமும் எங்கே பிரிகின்றன என்று நீங்கள் தடுமாற வேண்டும் என்பதுதான் அவர் திட்டம்.

மொழி சிலருக்குத் தடையாக இருக்கிறது என்கிறார்கள். எனக்கு அது காரணமாகவே படவில்லை, அதுவும் நம் மாவட்டத்தில். திருமயம் பாதையில் லேணாவிளக்கு, அப்புறம் தோப்புக்கொல்லை, அறந்தாங்கிப் பக்கம் அழியாநிலை என்று இலங்கைத் தமிழர் முகாம்கள் நம்மிடையே எத்தனை காலமாக இருக்கின்றன! 2021-இல் பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று அரசு மாற்றியது. பேச்சு மாறவில்லை. 'கதைக்கிறது' என்றால் பேசுவது, 'பெடியன்' பையன், 'விசர்' பைத்தியம், 'கெதியா' என்றால் சீக்கிரம். 'இயக்கம்' என்று மட்டும் சொன்னால் எந்த இயக்கம் என்று கேட்கவே தேவையில்லை. முகாமில் வளர்ந்த நண்பர் ஒருவரிடம் இரண்டு பக்கத்தை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். நான் முகம் சுளித்துக்கொண்டு படித்த இடத்தில் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த ராகத்தை ஒரு முறை கேட்டுவிட்டால் பிறகு கண்ணே காதாகிவிடும்.

'ம்' இன்னும் கடினமான நாவல். 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் இரண்டு நாள்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்ட கொடுமை அதன் நடுவே இருக்கிறது. கதை கேட்கும்போது 'ம்' கொட்டுவோமே, அந்த 'ம்'. அக்கிரமத்தைப் பார்த்துவிட்டும் 'ம்' என்று இருந்துவிடுகிறோமே, அந்த 'ம்'. ஒரே எழுத்தில் இரண்டையும் வைத்திருக்கிறார். ஒரே மூச்சில் படிக்க முயலாதீர்கள்.

இப்போது படத்துக்கு வரலாம். முதலில் கிடைத்தால் செங்கடல் பாருங்கள். லீனா மணிமேகலை தனுஷ்கோடி மீனவர்களை வைத்து எடுத்தது. எழுத்திலும் நடிப்பிலும் இவருக்குப் பங்குண்டு. தணிக்கைக் குழு சான்று மறுத்து, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போய் 2011-இல் மீண்ட படம். கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் படகு பிடிபட்ட செய்தியைக் காலையில் தேநீரோடு படிப்பவர்களுக்கு அந்தக் கடல் தெரிந்த கடல்தான்.

தீபன், ஜாக் ஓதியார் என்ற பிரெஞ்சு இயக்குநரின் படம். ஆனாலும் பெரும்பாலும் தமிழில் பேசும் படம். போரில் தோற்ற போராளி, முன்பின் தெரியாத ஒரு பெண், ஒரு சிறுமி: செத்துப்போன மூவரின் கடவுச்சீட்டில் குடும்பமாகக் கிளம்புகிறார்கள். அகதி விசாரணைக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது, இவருக்குப் பிரெஞ்சு தெரியாது. நடுவில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் தமிழர். இந்தக் கதை இங்கே எடுபடாது என்று தமிழிலேயே இவரை மடக்குகிறார். 2001-இல் கொரில்லாவின் முதல் பக்கங்களில் மனு எழுதியவர், 14 ஆண்டு கழித்து அதே மனுதாரரின் நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்கிறார். வசனத்தை விடுங்கள். அடுத்தவர் பேசும்போது அவர் முகம் எப்படிக் காத்திருக்கிறது என்று பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறு காட்சி. பிரெஞ்சுக்காரர்களின் நகைச்சுவை தனக்குப் புரியவில்லை என்கிறான் தீபன். மொழி காரணமில்லை, தமிழிலும் உனக்கு நகைச்சுவை கிடையாது என்கிற மாதிரி சொல்லிவிடுகிறாள் யாழினியாக வரும் காளீஸ்வரி சீனிவாசன். தமிழில் இத்தனை கசப்பாகச் சிரிக்கவைக்கும் எழுத்தாளர் சிரிக்கத் தெரியாதவனாக நடிக்கிறார்! எழுத்தில் வெளியே விடும் சிரிப்பை நடிப்பில் விழுங்கிவிடுகிறார். தொண்டைக்குள் அது இறங்குவது நமக்குத் தெரிகிறது. நாவலைப் படிக்காமல் படம் பார்த்தவர்களுக்கு அது வெறும் இறுகிய முகம். படித்துவிட்டு வந்தால் அந்த முகத்துக்குப் பின்னால் என்ன அடைபட்டுக் கிடக்கிறது என்று தெரியும்.

சிறந்த நடிகருக்கான பிரான்சின் சீசர் திரைப்பட விருதுக்கு அவர் பெயர் பரிந்துரையானது பொருத்தம்தான். ஆனால் படத்தின் கடைசி இருபது நிமிடம் எனக்கு ஒட்டவில்லை. வெட்டுக்கத்தி, துப்பாக்கி, அப்புறம் வெயிலடிக்கும் ஒரு தோட்டம். அது ஓதியார் எழுதிய முடிவு. ஷோபாசக்தியின் நாவல்களில் யாருக்கும் தோட்டம் கிடைப்பதில்லை.

கொரில்லாவைக் கையில் எடுப்பவர்கள் அந்த மனுவைத் தாண்டிவிடாதீர்கள். முடிந்தால் லேணாவிளக்குப் பக்கம் யாரையாவது கூப்பிட்டு வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.