கைக்கு எட்டும் வண்டி

மலை சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கியரைத்தான் எண்ணுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது சட்டத்தை. மேல்குழாயின் இருபுறமும் கால் ஊன்றி நின்றால் கவட்டுக்குக் கீழே நாலு விரல் இடைவெளியாவது வேண்டும். சரிவில் சட்டென்று கால் ஊன்றும்போது அதன் அருமை தெரியும்.

அதைவிடப் பெரிது ‘ரீச்’. பெடல்மேல் எழுந்து நிற்கையில் ஹேண்டில்பார் எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பதைச் சொல்லும் அளவு அது. குறைந்தால் முழங்கால் இடிக்கும். கூடினால் முன்சக்கரத்தில் பாரம் இறக்க முடியாது. ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொன்றில் லார்ஜாக இருக்கும். எழுத்தை நம்பாமல் மில்லிமீட்டரைப் பாருங்கள்.

அளவு மட்டுமல்ல, எங்கே ஓட்டப்போகிறோம் என்பதும் முக்கியம். 1970களில் கலிபோர்னியாவின் டமால்பைஸ் மலைச்சரிவில் சைக்கிள் பிரியர்கள் சிலர் பழைய கனத்த சைக்கிள்களில் இறங்கினார்கள். பின்பிரேக் சூடேறி கிரீஸ் புகைந்துபோகும். அந்த ஓட்டத்துக்கென்றே 1977இல் அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் புதுச் சட்டம் செய்தார். ஓட்டம்தான் வண்டியைத் தீர்மானித்தது, இன்றும் அப்படியே.

ஏற்றம் மிதிப்பதில் ஆசையா? முன்னால் மட்டும் 100 மி.மீ. சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயில் போதும். பாறைச் சரிவில் இறங்குபவருக்கு முன்னும் பின்னும் 150 தேவைப்படலாம். 29 அங்குலச் சக்கரம் கல்லை எளிதாகத் தாண்டும். குள்ளமானவர்களுக்கு 27.5 சுலபமாகத் திரும்பும்.

எனக்குப் பிடித்த உறுப்பு டிராப்பர் போஸ்ட். இறக்கம் தொடங்குமுன் கட்டைவிரலால் ஒரு விசையை அழுத்தி உட்கார்ந்தால், சீட் மெத்தென்று கீழே போகிறது. இறக்கம் முடிந்ததும் எழுந்து மறுபடி அழுத்தினால், ‘டொக்’கென்று பழைய உயரத்தில் வந்து நிற்கிறது.