கொல்லிப்பாவையும் அறிதுயிலும்

கொல்லிமலை என்றதும் தமிழிலக்கியம் பயின்றோர் உள்ளத்தில் இரண்டு நினைவுகள் எழும். ஒன்று வல்வில் ஓரி, மற்றொன்று கொல்லிப்பாவை. நாமக்கல் மாவட்டத்து அம்மலை இன்றும் பல நாடுகளாகவே வழங்குகிறது. அவற்றுள் ஒன்றான வாழவந்தி நாட்டின் செம்மேட்டில் ஓரிக்குச் சிலை உண்டு. பாவையைப் பற்றியோ அம்மலையெங்கும் கதை உண்டு. காண்போரைச் சிரிப்பால் மயக்கி, அருகே ஈர்த்து, உயிரைப் பறிக்கும் பதுமை அது என்பர்.

அறிதுயில் என்றும், மனவசியம் என்றும், ஹிப்னாடிஸம் என்றும் கூறப்படும் உளமருத்துவ முறையைப் பற்றி நம் இல்லங்களில் நிலவும் அச்சம் இக்கதையின் மறுபதிப்பே எனலாம். ஒருவர் கண்களை உற்று நோக்குவார். நம் பிள்ளை தன்னினைவு இழப்பான். பின்னர் அவர் ஆட்டுவித்தபடி ஆடுவான் என்று எண்ணுகிறோம். மேடை வித்தைக்காரர்கள் இவ்வெண்ணத்தை வளர்த்து வயிறு வளர்த்தனர். இதில் உண்மை எவ்வளவு என்று ஆராய்வது நம் கடமை. அதற்குப் பாவையே வழி காட்டுகிறது.

நற்றிணையின் 201ஆம் பாடலில் பரணர் காட்டும் பாவை கொலைப்பாவை அன்று. குறவர் மகளொருத்தியிடம் மனத்தைப் பறிகொடுத்த தலைவனைப் பாங்கன் இடித்துரைக்கிறான். அவள் பெறுதற்கு அரியவள், காவல் மிக்கவள், இளையவள். அவளை நினைப்பது தகாது என்கிறான். தலைவன் அவற்றுள் ஒன்றையும் மறுக்கவில்லை. காற்று மோதினாலும், மழை கொட்டினாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் உருக்குலையாத கொல்லிப்பாவையைப் போல, அவள் தன் நெஞ்சை விட்டு அகலவில்லை என்று மட்டும் மொழிகிறான்.

இப்பாடலைக் காதற்பாட்டு என்ற அளவில் சுவைத்துவிட்டு நகர்வோரே பலர். நாமோ இதில் ஆழ்ந்த உளநூல் உண்மையொன்றைக் காண்கிறோம். நெஞ்சில் குடிபுகுந்த உருவத்தை அறிவுரை அசைப்பதில்லை. பாங்கன் கூறிய காரணங்கள் அனைத்தும் சரியானவை. எனினும் ஒன்றும் பயன்படவில்லை. மனம் தளர்ந்த மகளிடம், “உனக்கு என்ன குறை? இதையெல்லாம் நினைக்காதே” என்று அன்றாடம் கூறும் தாய் தந்தையர் அந்தப் பாங்கனின் வழித்தோன்றல்களே.

அவ்வாறாயின் உருவத்தை அசைப்பது எது? மருத்துவ மேதை இப்னு ஸீனாவைப் பற்றிப் பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பாரசீக நூலான ‘சஹார் மகாலா’வில் நிஜாமி அரூளி கூறும் வரலாறு இதற்கு விடை தருகிறது. புவைஹித் குலத்து இளவரசன் ஒருவன் தன்னைப் பசு என்று நம்பினான். தன்னை அறுத்துச் சமைக்குமாறு கதறினான், உணவை மறுத்தான். ‘நீ பசு அல்லன், மனிதன்’ என்று இப்னு ஸீனா வாதாடவில்லை. கசாப்புக்காரர் வருகிறார் என்று சொல்லியனுப்பி, கையில் கத்தியுடன் வந்தார். படுத்திருந்தவனின் விலாவைத் தடவிப் பார்த்து, “இந்தப் பசு மிகவும் மெலிந்திருக்கிறது; தீனி போட்டுக் கொழுக்க வையுங்கள்” என்று கூறிச் சென்றார். பசு கொழுக்க வேண்டுமென்று இளவரசன் உண்ணத் தொடங்கினான். உணவோடு மருந்தும் உள்ளே சென்றது. உடல் தேறியது, மனமும் தெளிந்தது.

மருத்துவர் நோயாளியின் கற்பனைக்குள்ளேயே நுழைந்து, அங்கிருந்த கதவொன்றைத் திறந்தார். இன்றைய உளமருத்துவத்தில் கதை, உருவகம், கற்பனைக் காட்சி, அறிதுயில் ஆகியவற்றைக் கையாள்வோர் பின்பற்றும் நெறிக்கு இது மிக அண்மையில் நிற்கிறது. இத்துறையில் புகழ்பெற்ற அமெரிக்க மருத்துவர் மில்டன் எரிக்ஸன் (1901–1980) மில்வாக்கி நகரில் தனிமையில் வாடிய மூதாட்டி ஒருவரைக் கண்டார். அவர் வீட்டில் பூத்திருந்த வயலட் செடிகள் மருத்துவர் கண்ணில் பட்டன. ஊரில் பிறப்போ, மணமோ, நோயோ, சாவோ நிகழும் வீடுகளுக்கு ஒவ்வொரு செடியை அன்பளிப்பாக அனுப்பச் சொன்னார். அந்த அம்மையார் மறைந்தபோது ஊரே திரண்டு வருந்தியது என்பர். புதிதாக எதையும் எரிக்ஸன் புகுத்தவில்லை. அவரிடம் இருந்ததையே அவருக்கு மருந்தாக்கினார்.

அறிதுயிலின் ஆற்றல் மயக்குபவரிடமிருந்து பாய்வதன்று என்பதை முதலில் தெளிவுறுத்தியோருள் ஒருவர் இந்தியர். வியன்னாவில் பயின்ற மெஸ்மர் தம் உடலிலிருந்து காந்த சக்தி பாய்வதாக முழங்கினார். பெஞ்சமின் பிராங்க்ளின் இடம்பெற்ற ஆய்வுக்குழு, அத்தகைய சக்தி ஏதுமில்லை, விளைவெல்லாம் கற்பனையால் வந்ததே என்று 1784இல் பாரிஸில் அறிவித்தது. கோவாவின் கண்டோலிமில் 1756இல் பிறந்த பாதிரியார் ஃபரியா, 1813 முதல் அதே பாரிஸில் செய்முறை விளக்கங்கள் நிகழ்த்தி, துயிலின் காரணம் துயில்வோர் உள்ளத்திலேயே இருக்கிறது என்று நிறுவ முயன்றார். ‘அறிதுயில்’ என்ற தமிழ்ச் சொல்லும் இதையே உணர்த்துகிறது. அந்நிலையில் அறிவு அணைவதில்லை, ஒன்றில் குவிகிறது.

இவ்வளவும் கூறியபின் குறைகளையும் கூறாவிடில் அது திறனாய்வாகாது. வலி, அச்சம், பதற்றம், மனக்கலக்கத்தால் மிகும் வயிற்றுக் கோளாறு ஆகியவற்றில் அறிதுயில் துணைபுரிகிறது. ஆனால் இல்லாத குரல் கேட்கும் கொடிய மனநோய்க்கு அது மருந்தாகாது. அங்கே மனநல மருத்துவரும் மாத்திரையும் வேண்டும். மறந்ததை அறிதுயிலில் மீட்பதாகக் கூறுவதையும் நம்புவதற்கில்லை. நிகழாததையே நிகழ்ந்ததாக மனம் நம்பிவிடும். மேலும், இளவரசனின் ஒப்புதலின்றி இப்னு ஸீனா செய்ததை இன்றைய மருத்துவர் செய்தல் கூடாது. என்ன செய்யப் போகிறோம் என்பதை முன்கூட்டியே கூறி, நோயாளியின் இசைவைப் பெற்றாக வேண்டும். இசைவில்லாத வசியம் பாவையின் சிரிப்பே.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவை அடுத்து இயங்கிய தனியார் மனநோயாளர் விடுதியொன்றில் 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்ப வழியின்றி, 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கே விட்டுச் சென்றோர் கொடியவர்கள் அல்லர். அறிவுரை பயனற்றுப்போய், அடுத்து என்ன செய்வதென்று அறியாத குடும்பத்தார். கழறல் தோற்றபோது சங்கிலி வந்தது. மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை விதித்திருக்கிறது. குஜராத்தின் மீராதாதார் தர்காவில் 2008இலும், பின்னர் ஏர்வாடியிலும் ‘தவா’வும் ‘துஆ’வும் இணைந்த திட்டங்கள் தொடங்கப்பட்டன. மருந்தையும் பிரார்த்தனையையும் எதிரிகளாக்காத அம்முயற்சிகள் பாராட்டுக்குரியவை.

ஆகவே, மனம் நொந்த பிள்ளையை ஒருவரிடம் அழைத்துச் செல்லுமுன் பெற்றோர் சிலவற்றைக் கேட்டறிதல் வேண்டும். அவர் முறையாகப் பயின்றவரா? செய்வதை விளக்குகிறாரா? பிள்ளை ‘வேண்டாம்’ என்றால் நிறுத்துவாரா? மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்கிறாரா? முதல் மூன்றில் ஒன்றுக்கேனும் ‘இல்லை’ என்றோ, இறுதி வினாவுக்கு ‘ஆம்’ என்றோ விடை வந்தால், அந்த வாயிலை விட்டுத் திரும்பிவிடுவதே நலம்.

பரணரின் பாவை இடிக்கும் புயலுக்கும் மாறாதது. மனித நெஞ்சத்தை இறைவன் அவ்வாறு கல்லாகப் படைக்கவில்லை. இடித்துரைக்க அசையாத அது, தன் மொழியிலேயே பேசுவோருக்குச் செவி சாய்க்கிறது. பாவையின் மலையில் ஒரு நாட்டுக்கு வாழவந்தி என்று பெயரிட்டோர் எதை எண்ணி இட்டனரோ, நம் வீட்டில் நோயுற்றோரும் வாழ வந்தவர்களே என்பதை அப்பெயர் நமக்கு நினைவூட்டட்டும்.