கடைசி இடத்தில் சுழன்ற பந்து

ஏப்ரல் பிறந்தால் பெங்களூரு ரசிகனுக்குப் போக இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று சாமராஜப்பேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானம். ஸ்ரீ ராமசேவா மண்டலி 1939 முதல் ராமநவமிக் கச்சேரிகளை நடத்திவரும் பந்தல் அங்கேதான் எழும். மற்றது கப்பன் பூங்காவை ஒட்டி நிற்கும் சின்னசாமி ஸ்டேடியம். அல்சூரில் இருக்கும் என் சித்தப்பா இரண்டுக்கும் போவார், இரண்டிலும் ஒரே மாதிரிதான் உட்காருவார். கச்சேரியில் ராக ஆலாபனை தொடங்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். ஸ்டேடியத்தில் லெக் ஸ்பின்னர் கைக்குப் பந்து போகும்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொள்வார். அதன் பிறகு அந்த ஓவர் முடியும்வரை அவரிடம் யாரும் பேசக் கூடாது.

2019இல் சின்னசாமியில் நடந்த ஐபிஎல் ஆட்டங்களுக்கு இப்படித்தான் போய்வந்தோம். அந்த ஆண்டு ராயல் சேலஞ்சர்ஸ் பெங்களூர் எட்டு அணிகளில் எட்டாவது. 14 ஆட்டங்களில் 5 வெற்றி, 8 தோல்வி, மழை கொண்டுபோனது ஒன்று. மொத்தம் 11 புள்ளி. ராஜஸ்தானுக்கும் அதே 11 புள்ளிதான், ரன் விகிதத்தில் ஒரு படி மேலே நின்றுவிட்டார்கள். அதைவிடக் கொடுமை, பெங்களூர் முதல் 6 ஆட்டங்களையும் வரிசையாகத் தோற்றது. அதற்கு முன் 2013இல் டெல்லி அணி அப்படித் தொடங்கியிருந்தது. கேலிப் படங்கள் ஊரெங்கும் சுற்றின. அலுவலகத்தில் சென்னை ரசிகர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும், லெக் ஸ்பின் என்கிற கலையை ஆசை தீரப் பார்க்க எனக்குக் கிடைத்த பருவங்களில் அதற்கு ஈடாக இன்னொன்றைச் சொல்ல மாட்டேன்.

முதல் ஆட்டமே அதற்குச் சாட்சி. மார்ச் 23, சேப்பாக்கம். பந்து நின்று நின்று வரும் ஆடுகளம். பெங்களூர் 70 ரன்னுக்குச் சுருண்டது. தொடக்க ஆட்டக்காரர் பார்த்திவ் படேல் மட்டும் இரட்டை இலக்கம் தொட்டு 29 எடுத்து, கடைசி ஆளாக வெளியேறினார். இம்ரான் தாஹிர் 4 ஓவரில் 9 ரன்னுக்கு 3 விக்கெட். எல்லோரும் டிவியை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள். சித்தப்பா மட்டும் நகரவில்லை. "சாஹல் இன்னும் போடலையேடா" என்றார்.

எங்கள் லெக் ஸ்பின்னர் சாஹல் போட்டார். 70 ரன்னைக் காக்க வேண்டிய ஆட்டத்தில் 4 ஓவர், 6 ரன், 1 விக்கெட். ஷேன் வாட்சன் 10 பந்து தடவிப் பார்த்து ரன் எதுவும் எடுக்காமல் போல்டு ஆனார். இவ்வளவு சிறிய இலக்கைத் துரத்திய சென்னைக்கு 17.4 ஓவர் தேவைப்பட்டது. முடிவு எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்ததால்தானோ என்னவோ, அந்த 24 பந்துகளையும் பந்துகளாகவே பார்க்க முடிந்தது. எத்தனை வேண்டும், எத்தனை மிச்சம் என்ற கணக்கு மனதில் ஓடவில்லை. கை தெரிந்தது. மணிக்கட்டு மடிந்து விரிவது தெரிந்தது. மோதிர விரல் தையலைக் கடைசியாக உரசி விடுவது தெரிந்தது.

லெக் ஸ்பின் அந்த மணிக்கட்டில்தான் இருக்கிறது. வலக்கை ஆட்டக்காரருக்குக் காலருகே விழுந்து வெளியே திரும்பும் பந்து ஒன்று. அதே ஓட்டம், அதே கைச்சுற்றில் மணிக்கட்டை இன்னும் கொஞ்சம் திருப்பி, புறங்கை ஆட்டக்காரரைப் பார்க்கும்படி விட்டால் பந்து எதிர்ப்பக்கம் உள்ளே வரும், அது கூக்ளி. இரண்டுக்கும் நடுவே, திரும்பாமல் நேரே எகிறும் டாப் ஸ்பின். பார்க்கிறவருக்கு மூன்றும் ஒன்றுபோலத் தெரிய வேண்டும், அதற்குத்தான் அத்தனை வருடப் பயிற்சி. விரலால் சுழற்றும் ஆஃப் ஸ்பின்னில் தவறு கொஞ்சம் மன்னிக்கப்படும். மணிக்கட்டால் சுழற்றுகிறவர் அரை அங்குலம் பிசகினால் பந்து ஃபுல் டாஸாகி இடுப்பளவில் வந்து நிற்கும்.

அதையும் சின்னசாமியில் போய்ப் போடுவது! கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் நிற்கிற ஊர். காற்றின் அடர்த்தி குறைவு, அடித்த பந்து கூடுதலாகப் போகும். எல்லைக்கோடோ பக்கத்தில். வேறு ஊரில் லாங் ஆனில் கேட்ச் ஆகிற பந்து இங்கே இரண்டாம் வரிசையில் யாராவது மடியில் விழும். புத்தியுள்ள கேப்டன் இங்கே சுழலை ஒளித்துவைக்கத்தான் பார்ப்பார். பெங்களூர் அணியோ 2014 முதல் 2021 வரை, எட்டுப் பருவங்கள், தன் முதன்மைப் பந்துவீச்சாளராக ஒல்லியான ஒரு லெக் ஸ்பின்னரைத்தான் நம்பியது. யுஸ்வேந்திர சாஹல் சிறுவயதில் இந்தியாவுக்காக உலக இளையோர் செஸ் போட்டிக்குப் போனவர். அதைத் தெரிந்துகொண்ட பிறகு அவர் ஓவரை வேறு மாதிரிப் பார்க்கத் தொடங்கினேன். ஒரு காயைக் கொடுத்து இன்னொன்றை எடுக்கிற கணக்கு அதில் உண்டு.

மார்ச் 28, மும்பையுடன் ஆட்டம். யுவராஜ் சிங் அவரை அடுத்தடுத்து மூன்று சிக்ஸர் அடித்தார். மூன்றும் யுவராஜின் அந்தப் பழைய மட்டை வீச்சு, சோம்பலாகத் தொடங்கி முடிகிற இடத்தில் மட்டும் மின்னுவது. எதிர் அணி ஆள் என்பதை மறந்து என் வாய் "ஆஹா" என்றது. நான்காவது பந்துக்கு எந்தப் பந்துவீச்சாளருக்கும் கை தானாக வேகமாகும், பந்து தாழும், காலைப் பார்த்துப் போகும். சாஹல் நான்காவதையும் தூக்கியே போட்டார். யுவராஜ் மறுபடி அடித்தார், எல்லைக்கோட்டருகே சிராஜ் கையில் பந்து உட்கார்ந்தது. அன்று சாஹலுக்கு 38 ரன் போய் 4 விக்கெட். டி வில்லியர்ஸ் 41 பந்தில் ஆட்டமிழக்காமல் 70. அப்படியும் 6 ரன்னில் தோற்றோம். மலிங்கா வீசிய கடைசிப் பந்து நோ பால், நடுவர் பார்க்கவில்லை. மறுநாள் நாடு முழுக்க அந்த நோ பாலைப் பற்றித்தான் பேச்சு. எனக்கு அந்த நான்காவது பந்து பற்றிப் பேச ஆள் கிடைக்கவில்லை, சித்தப்பாவைத் தவிர.

அந்தப் பருவத்தில் இன்னொரு லெக் ஸ்பின்னரையும் நினைக்காமல் இருக்க முடியாது. மார்ச் 31, ஹைதராபாத். பெங்களூர் 16 வயது 157 நாளே ஆன வங்காளப் பையன் பிரயாஸ் ராய் பர்மனைக் களமிறக்கியது. ஐபிஎல் ஆடிய ஆட்டக்காரர்களில் அன்று அவர்தான் மிக இளையவர். எதிரே பேர்ஸ்டோவும் வார்னரும். முதல் விக்கெட்டுக்கு 185 ரன், இரண்டு பேருக்கும் சதம், மொத்தம் 231. பையனின் 4 ஓவரில் 56 ரன் போனது, விக்கெட் இல்லை. அதன் பிறகு அவர் ஐபிஎல் ஆடவில்லை. ஆனால் அடி விழ விழ அவர் பந்தைத் தட்டையாக்கி ஒளிந்துகொள்ளாமல், திரும்பி நடந்து, மறுபடி வந்து மணிக்கட்டைச் சுழற்றியது கண்ணிலேயே இருக்கிறது. இந்த வித்தையைக் கற்க ஆரம்பிக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் இப்படி ஒரு மாலை வரும். பெரும்பாலும் அது பக்கத்துத் தெரு மைதானத்தில் நாலு பேர் பார்க்க நடக்கும். இவருக்கு நாடே பார்க்க நடந்தது.

நடுவே மற்ற வித்தைகளும் கிடைத்தன. ஏப்ரல் 5 அன்று கொல்கத்தாவுக்கு 18 பந்தில் 53 வேண்டும் என்றிருந்தது. ஆந்த்ரே ரஸ்ஸல் 13 பந்தில் 48 எடுத்து, 5 பந்து மிச்சம் வைத்து முடித்தார். அதில் 7 சிக்ஸர். அதை ரசிக்க என்னால் முடியவில்லை, உண்மையைச் சொல்கிறேன். ஏப்ரல் 21, சென்னையுடன் நடந்த ஆட்டத்தின் முதல் ஓவர் வேறு. டேல் ஸ்டெய்ன் வாட்சனை ஸ்லிப்பில் பிடிக்க வைத்தார், அடுத்த பந்தே யார்க்கர், ரெய்னாவின் ஸ்டம்ப் காலி. அந்தப் பருவத்தில் ஸ்டெய்ன் இரண்டே ஆட்டம் ஆடிவிட்டுத் தோள் காயத்தோடு போய்விட்டார். அதே ஆட்டத்தின் கடைசி ஓவரில் 26 வேண்டியிருக்க, தோனி முதல் ஐந்து பந்தில் 24 எடுத்தார். கடைசிப் பந்தை உமேஷ் யாதவ் மெதுவாக விட்டார், மட்டையில் படவில்லை, பார்த்திவின் ஒரே எறியில் ரன் அவுட், 1 ரன் வெற்றி. அரங்கத்தில் பாதி மஞ்சள், பாதி சிவப்பு. பெங்களூருத் தமிழ்க் குடும்பங்களில் ஒரே சோபாவில் இரண்டும் உட்கார்ந்திருந்திருக்கும்.

தோற்ற அணியில் நல்ல சுழலைப் பார்ப்பது இந்த ஊருக்குப் புதிதில்லை. 2009இல் ஜோகன்னஸ்பர்க் இறுதி ஆட்டத்தில் அனில் கும்ப்ளே முதல் ஓவரிலேயே கில்கிறிஸ்ட்டைப் பூஜ்யத்தில் போல்டாக்கி, 16 ரன்னுக்கு 4 விக்கெட் எடுத்தார். ஆட்ட நாயகன் அவர்தான். கோப்பை 6 ரன்னில் டெக்கான் சார்ஜர்ஸுக்குப் போனது. சித்தப்பாவின் கணக்கு அதற்கும் முன்னால் போகும். போலியோ தாக்கி மெலிந்த வலக்கையால் 1971இல் ஓவலில் 38 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்த பி.எஸ். சந்திரசேகரின் கைச்சுழற்சியைச் சாலையோரம் நின்றுகூடக் காட்டுவார். சந்திரா, கும்ப்ளே என்று வருகிற அந்த வரிசையின் அடுத்த பெயரை அந்த வருடம் எதிர் அணிச் சட்டையில் பார்த்தோம்.

ஷ்ரேயஸ் கோபால் பெங்களூருப் பையன், கர்நாடக அணிக்கு ஆடி வளர்ந்தவர், 2019இல் ராஜஸ்தானுக்கு வீசினார். ஏப்ரல் 2, ஜெய்ப்பூரில் 12 ரன்னுக்கு 3 விக்கெட். மூன்று பேர் யார் என்று பாருங்கள்: கோலி, டி வில்லியர்ஸ், ஹெட்மயர். கோலிக்குப் போட்டது கூக்ளி. முன்காலை நீட்டி, வெளியே திரும்பும் என்று நம்பி, கவர் திசைக்கு அழகாக ஓட்டப் பார்த்தார். பந்து உள்ளே திரும்பி மட்டைக்கும் காலுக்கும் இடையில் நுழைந்து ஸ்டம்பைத் தொட்டது. டி வில்லியர்ஸ் அவர் கையிலேயே கேட்ச் கொடுத்தார். நாங்கள் பெங்களூரில் உட்கார்ந்து பெங்களூர் அணி தோற்பதைப் பார்த்தபடி, தலையை ஆட்டிக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டு ராவ் சார் வந்து, "ஏன் மாடோது, நம்ம ஹுடுகனே நம்மள முடிச்சுட்டான்" என்று கன்னடமும் தமிழுமாகச் சொல்லிவிட்டுப் போனார். குரலில் வருத்தம் பாதிதான் இருந்தது.

2025 ஜூன் 3 அன்று அகமதாபாத்தில் பஞ்சாபை 6 ரன்னில் வென்று, 18ஆவது பருவத்தில் பெங்களூர் கோப்பையை எடுத்தது. வீட்டில் எல்லோரும் அழுதோம். மறுநாள் வெற்றி விழாவுக்குத் திரண்ட கூட்டத்தில் இதே சின்னசாமியின் வாசல்களில் 11 பேர் நெரிசலில் இறந்தார்கள். அந்த வெற்றியின் காட்சிகளை அதற்குப் பிறகு முழுதாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. பழைய ஆட்டம் பார்க்க வேண்டும்போல் இருந்தால் 2019ஐத் தேடுகிறேன். சாஹல் அந்தப் பருவத்தில் எடுத்த 18 விக்கெட்டில் பாதியை எந்தப் பந்து, யார், எங்கே விழுந்தது என்று சித்தப்பா இன்றும் சொல்வார்.

அவர் அடிக்கடி திரும்பப் போகிற இரவு ஏப்ரல் 30. மாலையிலிருந்தே மழை. ஆனால் சின்னசாமியின் புல்லுக்கு அடியில் 2017இல் பதித்த, நீரை இழுத்து உறிஞ்சும் குழாய்கள் இருக்கின்றன. மழை விட்டதும் மைதானம் கண்ணெதிரே காயத் தொடங்கியது. நள்ளிரவுக்கு அரை மணி முன்பு, ஆளுக்கு 5 ஓவர் என்று ஆட்டம் தொடங்கியது. நனைந்த சட்டையோடு யாரும் நகரவில்லை. கோலி முதல் இரண்டு பந்தையும் சிக்ஸர் அடித்தார். இரண்டாவது ஓவருக்கு ஷ்ரேயஸ் கோபால் வந்தார், சித்தப்பா கண்ணாடியைத் துடைத்தார்.

ஈரப் பந்து. லெக் ஸ்பின்னருக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை, விரலில் நிற்காது, வழுக்கும். சிறிய மைதானம், 5 ஓவர் ஆட்டம், கோலியும் டி வில்லியர்ஸும் அடிக்க மட்டுமே வந்திருக்கிறார்கள். அந்த ஓவரின் நான்காவது பந்து, கோலி கேட்ச். ஐந்தாவது, டி வில்லியர்ஸ் கேட்ச். ஆறாவது, ஸ்டாய்னிஸ் கேட்ச். மூன்றும் மேலே தூக்கிப் போட்ட பந்துகள். ஓவரில் 12 ரன் போயிற்று, ஹாட்ரிக் வந்தது. பிறகு மறுபடி மழை பிடித்துக்கொண்டது. ராஜஸ்தான் 3.2 ஓவர் ஆடியபோது ஆட்டம் கைவிடப்பட்டது, பெங்களூரின் கடைசி நம்பிக்கையும் அத்தோடு கழிந்தது.

வெளியே ஆட்டோ கிடைக்காமல் கும்ப்ளே வட்டம் வரை நடந்தோம். சித்தப்பாவுக்கு அப்போதே எழுபதைத் தாண்டியிருந்தது, முட்டிவலி வேறு. தெருவிளக்குக்குக் கீழே நின்று, கையிலிருந்த குடையை என்னிடம் கொடுத்தார். வெறுங்கையை மேலே தூக்கி, மணிக்கட்டை மெல்லத் திருப்பி, "அந்த இரண்டாவதைச் சொல்றேன், டி வில்லியர்ஸுக்குப் போட்டது. இன்னொரு தடவை பாரு" என்றார்.