மூவாயிரம் ரூபாய்ப் பெட்டி

வீட்டில் தட்டுப் போட்டுப் பாட்டுக் கேட்கவும் படம் பார்க்கவும் கையைக் கடிக்காத விலையில் எந்தப் பிளேயர் வாங்கலாம் என்று நண்பர்கள் என்னைக் கேட்பது வழக்கமாகிவிட்டது. நாவல் எழுதுகிறவனிடம் கேட்கவேண்டிய கேள்வி இது அல்லதான். கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் தங்காதவன் நான். அந்த இரண்டு வருஷமும் பௌதிகத்தைக் கண்டு நானும் என்னைக் கண்டு பௌதிகமும் ஒதுங்கியே நடந்தோம். ஆனால் வீட்டில் எண்ணூறு தட்டுகளுக்குக் குறையாமல் இருக்கின்றன. ஐந்து பெட்டிகள் அவற்றைச் சுழற்றிச் சுழற்றி ஓய்ந்துவிட்டன. ஆறாவது இப்போது உழைத்துக்கொண்டிருக்கிறது. விமரிசனம் செய்ய இந்த அனுபவம் போதும். இதைவிடக் குறைந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு நம் ஊரில் சங்கீத விமரிசனமே நடக்கிறது.

எல்லாம்தான் கைபேசியில் வருகிறதே, இனிமேல் தட்டு எதற்கு என்பவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கைபேசியில் இன்று வருவது நாளை வராமலும் போகும். மாதச் சந்தா கட்டி ஒரு தடவை பார்த்த படத்தை மறுபடி தேடினால் ஆளைக் காணோம். உரிமைக் காலம் முடிந்துவிட்டதாம். கச்சேரிகளின் கதி இன்னும் மோசம். பாடினவர் பெயர் இருக்கும், வயலின் யார், மிருதங்கம் யார் என்று பல இடங்களில் இருக்காது. தட்டின் உறையிலே கஞ்சிராக்காரர் பெயர்கூடப் போட்டிருக்கும். அதோடு, என்னைப் போன்றவர்கள் வீட்டில் கிடக்கும் தட்டுகளில் கணிசமான பங்கு வேறெங்கும் கிடைக்காத சரக்கு. சபைக் கச்சேரியைப் பதிவு செய்து ஐந்நூறு, ஆயிரம் பிரதி போட்டுவிட்டு மறைந்துபோன சின்னக் கம்பெனிகளின் தட்டுகள், கல்யாண வீடியோ, காலமாகிப்போன தாத்தாவின் குரல். இவற்றையெல்லாம் எந்தச் சந்தாவும் திருப்பித் தராது.

பெட்டிகளோ அருகி வருகின்றன. 2007இல் மோசர் பேர் கம்பெனி விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றது. ஒரு சாப்பாட்டின் விலையில் முழுப் படம்! நாமும் அள்ளிக்கொண்டு வந்தோம். 2018இல் அந்தக் கம்பெனியையே கலைக்க உத்தரவாகிவிட்டது. உயர்ந்த ரகப் பிளேயர்களுக்குப் பெயர் வாங்கியிருந்த ஆப்போ அதே வருஷம் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறுவருஷம் சாம்சங், அமெரிக்காவில் இனிப் புதிய புளூரே பிளேயர்கள் வெளியிடுவதில்லை என்றது. பூட்டு நம் வீட்டில் இருக்கிறது, சாவி செய்கிறவர்கள் ஒவ்வொருவராகக் கடையைக் கட்டுகிறார்கள். ஆகவே எஞ்சியிருக்கும் சாவிகளில் எது நல்லது என்று பார்ப்பது வீண் வேலை அல்ல.

மலிவு என்று நான் சொல்வது சுமார் மூவாயிரம் ரூபாயை. ரிச்சி தெருவிலே ஒரு கடையில் நடந்த சம்பாஷணை இது:

“சார், இதுல யூஎஸ்பி இருக்கு, எச்டிஎம்ஐ இருக்கு, யூஎஸ்பில பதிவு பண்ணிக்கலாம், மைக் போட்டுப் பாடலாம்.”

“தட்டு ஓடுமா?”

“தட்டா? இப்ப யாரு சார் தட்டு போடறாங்க?”

அவர் பரிகாசம் செய்யவில்லை. அட்டைப் பெட்டியின் மேலும் அப்படித்தான் இருக்கிறது. பதினாறு சௌகரியங்களை அச்சடித்தவர்கள், கீறல் விழுந்த தட்டை இது வாசிக்குமா என்ற ஒரு வரியை மட்டும் அச்சடிக்கவில்லை. விமரிசகர்களும் அந்தப் பதினாறுக்கு மார்க்குப் போடுகிறார்களே ஒழிய, பதினேழாவதைத் தொடுவதில்லை. என் கட்சி நேர்மாறானது. மலிவுப் பெட்டியின் யோக்கியதையை அது புதுத் தட்டை எப்படி வாசிக்கிறது என்பதை வைத்து எடைபோடக் கூடாது. புதுத் தட்டை எல்லாப் பெட்டியும் வாசிக்கும். அடிபட்ட தட்டை என்ன செய்கிறது என்பதே கேள்வி.

கொஞ்சம் பௌதிகம் தவிர்க்க முடியாதது. சிடி என்பது 12 சென்டிமீட்டர் அகலமும் 1.2 மில்லிமீட்டர் கனமும் உள்ள பிளாஸ்டிக் வட்டம். பழைய கிராமபோன் தட்டுக்கு நேர்மாறாக, உள்ளிருந்து வெளியே வாசிக்கப்படுவது. கண்ணுக்குத் தெரியாத குழிகளில் சங்கீதம் இருக்கிறது. லேசர் ஒளி அடியிலிருந்து பிளாஸ்டிக்கை ஊடுருவிப் போய் அதைப் படிக்கிறது. குழிகள் இருப்பது படம் அச்சடித்த மேல் பக்கத்தை ஒட்டி. அதனால் அடியில் விழும் கீறலைவிட மேலே விழும் கீறல் ஆபத்தானது. பளபளக்கும் பக்கத்தைக் குழந்தை மாதிரி பாதுகாத்து, படம் போட்ட பக்கத்தின்மேல் காப்பி டம்ளரை வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். டிவிடியில் இரண்டு மெல்லிய தகடுகளை ஒட்டி, விஷயத்தை நடுவில் வைத்திருப்பதால் மேல் பக்கத்துக்கு அத்தனை பயமில்லை.

கீறல் விழும், தூசி விழும் என்று முன்கூட்டியே தெரிந்துதான் சிடியை வகுத்தார்கள். எழுதும்போதே செய்தியைப் பிரித்துக் கலைத்து எழுதி, ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் நீளம் அழிந்தாலும் மிச்சத்தை வைத்துக் கணக்குப் போட்டு முழுவதையும் மீட்க வழி செய்திருக்கிறார்கள். அந்தக் கணக்கை எல்லாப் பெட்டிக்கும் சொல்லித்தான் கொடுத்திருக்கிறது. ஆனால் லேசர்க் கண் தடத்தைத் தவறவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தால்தானே கணக்குப் போட முடியும்? மலிவுப் பெட்டிகளில் பேதம் வருவது இங்கேதான். எங்கள் வீட்டுப் பழைய தட்டு ஒன்றை ஒரு பெட்டி நிரவல் நடுவிலே கவ்விக்கொண்டு ஒரே அக்ஷரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிற்று. மற்றொன்று தட்டே இல்லை என்று சாதித்தது. மூன்றாவது ஒரு முனகலும் இல்லாமல் மங்களம் வரை கொண்டு போய்ச் சேர்த்தது. மூன்றும் ஏறக்குறைய ஒரே விலை. மூன்றாவதின் அட்டையில்தான் சௌகரியங்களின் ஜாபிதா மிகச் சிறியது. மைக் போட்டுப் பாட முடியாது. அக்கம்பக்கத்தாருக்கும் அது நல்லதுதான்.

வீட்டில் எழுதிய தட்டுகளுக்கு வேறு சோதனை. கடையில் விற்கும் தட்டு அச்சில் வார்த்தது. கல்யாணக்கார வீடியோ ஸ்டூடியோவில் தருவது சாயப் பூச்சின்மேல் லேசரால் எழுதியது. அது வெளிச்சத்திலும் வெப்பத்திலும் மங்கும். டிவிடி வந்த புதிதில் சில பெட்டிகள் எழுதிய சிடியை அடியோடு மறுத்தன. டிவிடிக்குரிய சிவப்பு ஒளிக்கு அந்தச் சாயம் புலப்படாததே காரணம். பின்னால் இரண்டு வித ஒளியும் வைத்தார்கள். உங்கள் வீட்டில் எழுதிய தட்டுகள் அதிகமானால் முதல் பரீட்சை அவற்றுக்கே.

அடுத்தபடி, சங்கீத ரஸிகர்களுக்கு என்று தனியாக ஒரு குறை இருக்கிறது. இங்கிலீஷ் விமரிசனங்களில் இதை இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். சிடியில் ஒரு இலக்கத்துக்கும் அடுத்த இலக்கத்துக்கும் நடுவே மௌனம் இருந்தே தீரவேண்டும் என்று சட்டம் இல்லை. ஆலாபனை, கீர்த்தனை, நிரவல், ஸ்வரம் என்று ஒரே ஓட்டத்தைத் தேடிப் பிடிக்கும் வசதிக்காக இலக்கமிட்டுப் பிரித்திருப்பார்கள். நல்ல சிடி பிளேயர் அந்த எல்லைகளை நமக்குத் தெரியாமல் கடந்துவிடும். மலிவான டிவிடி பெட்டிகளில் பல ஒவ்வொரு எல்லையிலும் ஒரு கணம் ஒலியை அடைத்துத் திறக்கின்றன. தம்புரா அறுந்து மறுபடி தொடங்குகிறது. சினிமாப் பாட்டுத் தட்டில் இது தெரியவே தெரியாது. இரண்டு பாட்டுக்கு நடுவே எப்படியும் மௌனம்தான். கச்சேரித் தட்டிலோ, வித்வான் ஷட்ஜத்தில் நின்று நிதானமாக அடுத்ததற்கு நகரும் இடத்தில் யாரோ மின்சாரத்தை அணைத்துப் போட்ட மாதிரி இருக்கும். பத்து இடத்தில் இப்படி ஆனால் அன்றைக்குக் கேட்ட கச்சேரி கேட்டதாகாது. இந்த ஒரு காரணத்துக்காகவே நல்ல படம் காட்டிய ஒரு பெட்டியை மைத்துனருக்குக் கொடுத்துவிட்டேன். அவர் சங்கீதத்தை வெறுப்பவர். இருவருக்கும் திருப்தி.

எம்பி3 தட்டுகளைப் பற்றிப் பெட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரே தட்டில் பன்னிரண்டு மணி நேரம் அடைக்கவேண்டும் என்றால் சிடியில் இருப்பதில் பதினொன்றில் ஒரு பங்கைத்தான் வைத்துக்கொள்ள முடியும். தம்புராவின் கார்வையும் மிருதங்கத்தின் விளிம்பும் போகாமல் என்ன செய்யும்?

இன்னொரு அநியாயம். இன்று வரும் மலிவுப் பெட்டிகளில் பலவற்றுக்கு முகப்பில் எண் காட்டும் சிறு கண்ணாடிகூடக் கிடையாது. இருபது ரூபாய் மிச்சம் பிடித்திருப்பார்கள் போலிருக்கிறது. அதன் விளைவு, அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைக் கேட்பதற்கு டெலிவிஷனை ஏற்றவேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்குக் கூடத்தில் நாற்பது அங்குல நீல வெளிச்சத்தைப் போட்டுவிட்டு அதற்கு எதிரே உட்கார்ந்து பூபாளம் கேட்பது என்னால் ஆகாது. ஆகையால் பாட்டுக்கும் படத்துக்கும் ஒரே பெட்டி என்று நினைக்கிறவர்கள் முகப்பில் எண் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணுங்கள். பின்புறத்தில் சிவப்பு, வெள்ளைத் துளைகள் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். எச்டிஎம்ஐ மட்டும் இருந்தால் பழைய ஆம்ப்ளிஃபயருக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

படத்துக்கு வருவோம். டிவிடி தரும் படம், நம் நாட்டு முறையில் 576 கோடுகள். புது டெலிவிஷனில் 1080 அல்லது அதற்கு இரட்டிப்பு. நடுவே இட்டு நிரப்புவதைப் பெட்டி செய்தாலும் ஒன்றுதான், டெலிவிஷன் செய்தாலும் ஒன்றுதான். பெரும்பாலும் டெலிவிஷனே நன்றாகச் செய்கிறது. அதற்கென்று அதிகப் பணம் கொடுக்காதீர்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை அகலத் திரைக்கு இழுத்துக் கதாநாயகியைக் குண்டாக்குகிறதே, அதைத் திருத்தும் வழி பெட்டியிலோ டெலிவிஷனிலோ ஒன்றில் கட்டாயம் இருக்கவேண்டும். மூலையில் கம்பெனி முத்திரை குத்தியிருப்பதற்கு எந்தப் பெட்டியிலும் மருந்தில்லை.

சுருதி விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். சினிமா நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுவது. உறையில் ‘பால்’ என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கும் தட்டு (கறக்கிற பால் அல்ல) நொடிக்கு 25 ஓட்டுகிறது. இரண்டே முக்கால் மணிப் படம் ஆறு நிமிஷத்துக்கு மேல் குறைந்துபோகும். ஒலியைத் தனியாகச் சரிசெய்யாமல் விட்டிருந்தால் சுருதியும் அரைக் கட்டையில் பத்துக்கு ஏழு பங்கு ஏறிவிடும். தியாகராஜ பாகவதர் தட்டில் கொஞ்சம் அவசரமாகவும் உச்சமாகவும் பாடுவதாகத் தோன்றினால் பெட்டியைத் திட்டாதீர்கள். ‘என்டிஎஸ்சி’ என்று போட்ட தட்டு கிடைத்தால் அதில் இந்த வம்பு இல்லை.

வசனம் கேட்கவில்லை, சண்டை மட்டும் காதைப் பிளக்கிறது என்ற புகாரும் இதே ரகம்தான். ஆறு ஒலிபெருக்கிகளுக்கு வகுத்த ஒலியை இரண்டில் அடைக்கும்போது நடுவில் நிற்கவேண்டிய பேச்சு அமுங்குகிறது. தட்டின் பட்டியலில் இரண்டு ஒலிபெருக்கிக்கான தடம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டால் போதும்.

அமெரிக்காவிலிருந்து பிள்ளை வாங்கி வந்த டிவிடி இங்கே ஓடாது. உலகத்தை மண்டலங்களாகப் பிரித்து அவர்களுக்கு 1, நமக்கு 5 என்று பூட்டியிருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், பெரிய கம்பெனிப் பெட்டிகள் இந்தத் தீட்டை அனுசரிப்பதில் மிகவும் ஆசாரமானவை. பெயர் தெரியாத மலிவுப் பெட்டிகள் பெரும்பாலும் எல்லா ஜாதித் தட்டையும் உள்ளே விட்டுவிடும்.

அப்படியானால் பணத்தைக் கூடப் போட்டுப் புளூரே பிளேயரே வாங்கிவிடலாமா? பெரிய டெலிவிஷனும், புளூரே தட்டுகளும் உள்ளவர்கள் வாங்கலாம். தட்டு ஒன்றில் 25 அல்லது 50 ஜிகாபைட் அடங்குகிறது. டிவிடியோடு ஒப்பிடவே முடியாத தெளிவு. ஆனால் தமிழ்ப் படங்கள் அதில் வந்தது குறைவு. கர்நாடக சங்கீதத்துக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. தட்டை உள்ளே வாங்கி யோசித்து ஓட்டத் தொடங்குவதற்குள் பாடகர் தொண்டையைக் கனைத்துவிடலாம். 2006இல் சோனி வெளியிட்ட முதல் புளூரே பிளேயர் சாதாரண சிடியை வாசிக்கவே வாசிக்காது. சிடியை உலகத்துக்குக் கொண்டுவந்த இருவரில் ஒருவர் அவர்கள்! பின்னால் வந்தவை வாசிக்கின்றன.

பாட்டுதான் பிரதானம் என்றால் என் சிபார்சு, பழைய சாமான் கடையில் தொண்ணூறுகளில் செய்த சிடி பிளேயர் ஒன்றைத் தேடுவது. கனமாக இருக்கும். முகப்பில் எண் தெரியும். எல்லை கடக்கும்போது மூச்சை நிறுத்தாது. தட்டு வெளியே வராவிட்டால் உள்ளே ஒரு ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும், அற்பச் செலவு. ‘லென்ஸ் போயிடுச்சு சார்’ என்று மெக்கானிக் சொன்னால்தான் யோசிக்கவேண்டும். அவர் லென்ஸ் என்பது லேசர்க் கண் முழுவதையும். சோனியின் கேஎஸ்எஸ்-213 போன்ற கண் உள்ள பெட்டியானால் மாற்று கிடைக்கும். அபூர்வமான கண் உள்ள பெட்டி எத்தனை கம்பீரமாக இருந்தாலும் தொடாதீர்கள். படத்துக்குத் தனியாக ஒரு மூவாயிரம் ரூபாய் டிவிடி பெட்டி. இரண்டும் சேர்ந்து ஒரு புளூரே பிளேயரின் விலைக்குள் அடங்கலாம். ஒலித் தரத்தில் விலை உயர்ந்த பெட்டிக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஆனால் நல்ல ஒலிபெருக்கிக்கும் மட்டமான ஒலிபெருக்கிக்கும் இருக்கும் வித்தியாசத்துக்கு முன்னால் அது நிற்காது. மிச்சப் பணத்தை அங்கே போடுங்கள்.

கடைக்குப் போகும்போது வீட்டிலிருந்து மூன்று தட்டுகள் எடுத்துக்கொண்டு போங்கள்: இருப்பதிலேயே அதிகம் கீறல் விழுந்தது ஒன்று, உங்கள் வீட்டுக் கல்யாணத் தட்டு ஒன்று, ராக ஆலாபனையிலிருந்து கீர்த்தனைக்கு இலக்கம் மாறும் கச்சேரித் தட்டு ஒன்று. மூன்றையும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ‘அதெல்லாம் ஓடும் சார், எடுத்துட்டுப் போங்க’ என்று கடைக்காரர் அட்டைப் பெட்டியைப் பிரிக்காமலே பில் போட ஆரம்பித்தால், நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நடங்கள். ரிச்சி தெருவில் கடைகளுக்குப் பஞ்சமில்லை.